மடங்காத கை

போன மாதம் என் தம்பி மகளுக்குக் கலியாணம். பந்தலில் பாய் விரித்து, ஒரு தாலத்தைச் சுற்றி ஆறு பேர் சேர்ந்திருந்து சாப்பிடும் சஹன் வைத்திருந்தார்கள். எங்கள் வயதுப் பெண்களை உட்காரச் சொன்னபோது ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். இதை வாசிக்கிற நீங்களும் அங்கே இருந்தீர்கள். ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்கு இடுப்பு. இன்னொருத்தி, "இருந்திடுவன். பிறகு ஆர் என்னை எழுப்புறது?" என்று கேட்டுச் சிரித்தாள். கடைசியில் கதிரைகள் வந்தன, மேசையும் வந்தது.

அதற்குப் பிறகு பேச்சு முழுவதும் உடம்பைப் பற்றித்தான். தொழுகையில் குனிய முடியவில்லை, தலைக்கு மேலே கையைத் தூக்கி முடி கட்ட முடியவில்லை என்று ஆளுக்கொன்று சொன்னோம். அப்போது உங்களில் ஒருத்தி சொன்னாள்: "ஆரையும் கொண்டு எண்ணெய் போட்டு நல்லா இழுத்துவிட வேணும். ஒருக்கா டக்கெண்டு கேட்டால் எல்லாம் சரி வந்திடும்." எல்லாரும் ஓம் என்றீர்கள்.

மேசைக்குக் கீழே வலது முழங்கையை இடது கையால் பொத்திக்கொண்டேன். அந்த 'டக்' சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். என் உடம்புக்குள்ளிருந்தே கேட்டிருக்கிறேன். கலியாண வீட்டில் சொல்லக்கூடிய கதை இல்லை என்பதால் அன்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கொண்டச்சி என்ற கடற்கரை ஊரில் இருந்தோம். எனக்குப் பத்து வயது இருக்கும், தம்பி இன்னும் பிறக்கவில்லை. சோளகக் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளித்துவிடும், தோணி இறக்க முடியாது. வாப்பா மற்ற ஆண்களோடு தலைமன்னாருக்குப் போய் அங்கே கரையில் வாடிக் கொட்டில் அடித்துத் தங்கித் தொழில் செய்வார். காற்று மாறும்வரை வீட்டு வளவில் நாங்கள் மூன்று பேர் தான். உம்மா, நான், பக்கத்துக் குடிலில் மாமி. மாமி வாப்பாவின் மூத்த சகோதரி. புருசன் மவுத்தாகிப் பிள்ளையும் இல்லாமல் தம்பியின் வளவுக்கே திரும்பி வந்தவர். நான் அவருடைய பிள்ளை என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். நானும் சில நாட்களில் அப்படித்தான் நினைத்தேன்.

சோளகம் வீசும் காலம்தான் பாலைப்பழக் காலமும். காட்டோரம் விறகுக்குப் போகும் பெண்களோடு பிள்ளைகளும் போவோம். மஞ்சள் மஞ்சளாய், விரலில் எடுத்தாலே பால் ஒட்டும் பழம். தின்று முடிக்கும்போது மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும்; பேசினால் பிய்க்கிற மாதிரி இருக்கும். கீழே உதிர்ந்ததை மற்றவர்கள் பொறுக்க, நான் ஏறினேன். பெண்பிள்ளை மரம் ஏறக்கூடாது என்று மாமி கத்தியது கேட்டது. இறங்கத்தான் நினைத்தேன். கொப்பு முறிந்ததா, கால் வழுக்கியதா என்று இன்றைக்கும் தெரியாது. வலது கையை ஊன்றி விழுந்தேன். மாமி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரைக்கும் ஓடினார். அவர் மூச்சு வாங்கியது என் காதில் அனலாக அடித்தது.

வாப்பாவுக்கு ஆள் போனது. அவர் உள்நாட்டு வயல் கிராமம் ஒன்றிலிருந்து முறிவுப் பரியாரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நெற்றியில் திருநீறும் மடியில் வெற்றிலைப் பொட்டலமும் வைத்திருந்த மெலிந்த மனிதர். தொட்டுப் பார்த்து, எலும்பைச் சேர்த்து, இலைகள் அரைத்த புக்கை பூசி, மட்டை வைத்துக் கட்டினார். எழும்பும்போது சொன்னார்: "மூண்டு கிழமையிலை அவிழ்த்துப்போடுங்கோ. எனக்காகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிறகு பிள்ளை கையை ஆட்டித் திரியட்டும்." எலும்பை அவர் நன்றாகத்தான் பொருத்தினார். அதை இன்றைக்கும் சொல்வேன்.

வாப்பா தலைமன்னாருக்குத் திரும்பிவிட்டார். மூன்று கிழமை முடிந்ததும் உம்மா கத்தரிக்கோலை எடுத்தார். மாமி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"எலும்பு இன்னும் பச்சை மதினி. இப்ப அவிழ்த்தால் திரும்ப விலகிப்போகும். இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்."

"பரியாரியார் சொன்னவரே?"

"அவர் சொல்லிப்போட்டுப் போயிட்டார். புள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்."

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அந்தக் கட்டு கிடந்தது. புக்கை காய்ந்து புளித்து மணத்தது. உள்ளே ஊறும், ஈர்க்கு ஒன்றைச் செருகிச் சொறிவேன். காற்று மணலை அள்ளி வந்து கட்டுக்குள் போட்டது. ஒருநாள் மாமியே மனம் இளகி அவிழ்த்தார். உள்ளிருந்து வந்த கை என்னுடையது மாதிரி இல்லை. வெளிறி, செதில் எழும்பி, தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டு நிற்கிற கை போலச் சற்றே வளைந்து அப்படியே நின்றது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. கதவுப் பிணைச்சலில் துருப்பிடித்த மாதிரி.

"இரண்டு நாளிலை சரி வந்திடும்" என்றார் மாமி. வரவில்லை.

முழங்கை என்று ஒன்று இருப்பதை அதுவரை நான் நினைத்ததே இல்லை. அது மடங்காவிட்டால் சோறு வாய்க்கு வராது. முகம் கழுவ முடியாது. காதில் தோடு திருக முடியாது. தொழுகையில் தக்பீருக்குக் கை உயர்த்தினால் ஒரு கை காதருகே நிற்கும், மற்றது வழி கேட்பவள் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். இடது கையால் சாப்பிட்டேன். ஓதுகிற பள்ளியில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த லெப்பை, "சுகமில்லாத பிள்ளைக்குக் குற்றமில்லை" என்று சொன்னார். ஆனால் பிள்ளைகள் லெப்பையா? என்னோடு ஒரே பாயிலிருந்து ஓதிய சிறுமி தன் தண்ணீர்க் கோப்பையை என்னிடமிருந்து தள்ளி வைத்தாள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன்.

மாமி எனக்காக ஒரு அகப்பை செய்தார். சின்னத் தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துத் தேய்த்து முட்டை ஓடு மாதிரி மெல்லிசாக்கி, அதில் நீளமான காட்டுத் தடி ஒன்றைச் செருகி, நுனியைச் சூடு காட்டி வளைத்திருந்தார். அதை வலது கையில் பிடித்தால், கையை மடக்காமலே, தோளை அசைத்துச் சோற்றை வாய்க்குக் கொண்டுவரலாம். முதல் வாய் போனதும் மாமி அழுதார். "வலக்கையாலை தான் தின்னுறாள், பாருங்கோ மதினி!" நான் பெருமையோடு இன்னொரு வாய் அள்ளினேன். உம்மா மட்டும் அகப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

அந்த அகப்பை வந்த பிறகு நான் ராணி. தலை வாருவது மாமி, சட்டைப் பொத்தான் பூட்டுவது மாமி, முகம் கழுவிவிடுவதும் மாமி. யாரும் என்னை எதற்கும் திட்டவில்லை. கை மடங்காததை நானே மறந்து போகத் தொடங்கினேன்.

உம்மா மறக்கவில்லை. ஒரு பின்னேரம் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரே இருந்தேன். என் வலது கன்னத்தில் ஒரு ஈ வந்து இருந்தது. வலது கை எழும்பி, பாதியில் நின்று, கீழே விழுந்தது. ஈ போகவில்லை. இடது கையைத் தூக்கி விரட்டினேன். இவ்வளவும் நடந்தது எனக்குத் தெரியவே தெரியாது. உம்மா பல வருடங்களுக்குப் பிறகு சொன்னது. "அண்டைக்குத் தான் எனக்குப் பயம் வந்தது. உன்ர கை மடங்கப் பார்க்கிறதையே விட்டுப்போட்டுது" என்றார்.

அடுத்த நாள் விடியவே உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வாப்பாவிடம் கேட்கவில்லை. ஆண் துணை இல்லாமல் உம்மா ஊரைத் தாண்டியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. மாமி வேலிப் படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பிக்கு நான் என்ன சொல்ல?"

"ஆசுபத்திரிக்குப் போனதெண்டு சொல்லுங்கோ."

"கையை வெட்டுவினம் அங்கை."

உம்மா மாமியின் கையை மெதுவாகப் படலையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு நடந்தார். சிலாவத்துறைவரை நடை, அங்கிருந்து பஸ். பஸ் முழுவதும் கருவாட்டுச் சாக்கு. கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதித் தெருவில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். உம்மாவின் உள்ளங்கை வியர்த்து என் இடது கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. 'வெட்டுவினம்' என்ற சொல் என் தலைக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கழுதைகள் நிழலுக்கு நின்றன. அதில் ஒன்றுக்கு முன்னங்கால் மடங்கவில்லை. இழுத்து இழுத்து நடந்தது. நான் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

டாக்குத்தர் சிங்களவர், இளம் ஆள். என் கையைப் பிடித்து மிக மெதுவாக அசைத்தார். எந்த இடத்தில் என் முகம் சுளித்ததோ அந்த இடத்திலேயே நிறுத்தினார். பிறகு சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி அவ்வளவையும் கேட்டுவிட்டு உம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "எலும்பு நல்லாப் பொருந்தியிருக்கு. கட்டு கூட நாள் கிடந்ததாலை மூட்டு இறுகிப்போச்சு. ஒவ்வொரு நாளும் மடிக்க வேணும். மடியாட்டி யாழ்ப்பாணம் போய் ஒப்பரேசன் செய்ய வேணும். அப்பவும் சொல்ல ஏலாது."

டாக்குத்தருக்கு அது போதவில்லை போலிருக்கிறது. என் பக்கம் குனிந்து, தன் விரலால் என் நெஞ்சைத் தொட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நீ. மகள், நீ. நீ." உம்மாவை நோக்கிக் கையை இல்லை என்பது போல ஆட்டினார். பிறகு மறுபடியும் என்னை: "நீ."

என்னைத் திட்டுகிறார் என்று நினைத்து அழுதேன். மரம் ஏறிய கதை அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மிஸ்ஸி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா செய்த முதல் வேலை, அகப்பையை எடுத்து அடுப்பில் வைத்தது. சிரட்டை எண்ணெய் கக்கி எரிந்தது. மாமி ஓடி வந்தபோது தடி மட்டும் மிச்சம்.

"என்ன மனுசி நீ! புள்ளை பட்டினி கிடக்கட்டும் எண்டா?"

"கை மடங்கட்டும் எண்டு."

"நீ பெத்தவளா?"

உம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தக் கேள்வியை அந்தக் காலம் முழுவதும் ஊர் கேட்டது. மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் உம்மா சுடுதண்ணீரில் உப்புப் போட்டு என் முழங்கையை ஊறவைப்பார். பிறகு என்னைச் சுவரோடு சாய்த்து வைத்து, மேல்கையை ஒரு கையால் அமர்த்தி, மணிக்கட்டைப் பிடித்து வளைப்பார். நான் கத்துவேன். கத்தினால் உடம்பு முழுவதும் விறைக்கும். விறைத்தால் முழங்கை இன்னும் இறுகும். இறுகினால் உம்மா இன்னும் அழுத்துவார். வேலிக்கு அப்பால் பெண்கள் கூடி நின்று, "அல்லாஹ், இந்தப் பொம்பிளைக்கு நெஞ்சே இல்லையா?" என்பது எனக்குக் கேட்கும். உம்மாவுக்கும் கேட்கும். ஆனால் விடமாட்டார்.

லுஹர் பாங்கு கேட்டாலே வீட்டை விட்டு ஓடத் தொடங்கினேன். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். கோழிக் கூட்டுக்குப் பின்னால், வலைக் குவியலுக்குள். உம்மா தேடிப் பிடித்துக் கொண்டுவருவார். கை அசையவில்லை. ஒரு நாள் கொஞ்சம் மடங்கியது போல இருக்கும், அடுத்த நாள் வீங்கிப் பழைய இடத்துக்கே போய்விடும். நான் மெலிந்துகொண்டு போனேன். உம்மாவும்தான்.

அப்போதுதான் வாப்பா வெள்ளிக்கிழமைக்கு வருகிறார் என்று மீன் லொறிக்காரர் சேதி கொண்டுவந்தார். தன்னைக் கேளாமல் ஆஸ்பத்திரிக்குப் போனது மாமி சொல்லியனுப்பி அவருக்குத் தெரிந்துவிட்டது. உம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. அந்தப் பின்னேரம் சுடுதண்ணீர் வைக்கவில்லை. என்னைச் சுவரோடு சாய்த்தார்.

"இண்டைக்கு எப்படியும் மடங்க வேணும் மகள். வாப்பா வந்து பார்க்கேக்குள்ளை மடங்க வேணும். பல்லைக் கடிச்சுக்கொள்ளு."

அழுத்தினார். நான் கத்தவில்லை, மூச்சு வரவில்லை. உம்மா கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அழுத்தினார். காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். டக்.

இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம். உம்மா கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். பாம்பைத் தொட்டுவிட்டவர் மாதிரி என் மணிக்கட்டை விட்டார். அதற்குப் பிறகுதான் என் குரல் வெளியே வந்தது. மாமி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு தன் குடிலுக்குப் போய் உள்ளே பூட்டிக்கொண்டார். உம்மா பின்னால் வரவில்லை.

முழங்கை தேங்காய் அளவுக்கு வீங்கியது. மாமி அன்றைக்கே தலைமன்னாருக்குத் திரும்பவும் சேதி அனுப்பினார்: 'உன்ர பெண்சாதி புள்ளையின்ர கையை முறிச்சுப்போட்டாள். பரியாரியாரைக் கூட்டிக்கொண்டு வா.' பரியாரியார் தூர ஊருக்குப் போயிருந்ததால், வாப்பா தேடிக் காத்திருந்ததில் அந்த வெள்ளியும் இன்னும் சில வெள்ளிகளும் தவறின.

மாமியின் குடிலில் கிடந்த நாட்களில் யாரும் என் கையைத் தொடவில்லை. வீக்கம் மெல்ல வற்றியது. ஊட்டிவிட்டது மாமிதான். ஆனால் என் தலைக்குள் அந்த டாக்குத்தரின் விரல் வந்து வந்து போனது. நீ. நீ. அவர் முகத்தில் கோபம் இருந்ததா? இல்லை. உம்மாவைப் பார்த்து ஏன் கையை ஆட்டினார்? படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி யோசித்தேன். 'நீ மடி. உம்மா மடிக்கக் கூடாது.' பாயில் எழும்பி இருந்துவிட்டேன். ஒரு பெரிய ஆள் என்னிடம் நேரே சொன்ன ஒரு காரியத்தை, நான் உட்பட ஒருவரும் எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடற்கரையில் மணல் திட்டுக்கு உள்ளே தண்ணீர் தேங்கிச் சின்னக் களப்பு ஒன்று கிடந்தது. அலை வராது. வெயில் ஏறினால் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். மாமி கண் அயர்ந்த நேரம் அங்கே போய்க் கழுத்தளவில் இருந்தேன். கை தானாக மிதந்து மேலே வந்தது. அதற்குப் பாரமே இல்லை. மெதுவாக, நானே, மடக்கிப் பார்த்தேன். வலித்து நோ தொடங்கிய இடத்தில் நிறுத்தினேன். அங்கேயே வைத்துக்கொண்டு மூச்சு விட்டேன். நோ போனது. இன்னும் ஒரு விரலளவு மடக்கினேன். யாரும் பிடித்திருக்கவில்லை, அதனால் உடம்பு விறைக்கவில்லை. அது எனக்கு அப்போது புரிந்த விதம் வேறு: முழங்கைக்கு என்மேல் பயம் இல்லை என்று நினைத்தேன்.

மாமி தேடிக்கொண்டு வந்து கரையில் நின்று கத்தினார். அந்தச் சத்தத்துக்கு உம்மாவும் ஓடி வந்தார். பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மாமி சேலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"வராதீங்கோ!" என்றேன். "ரெண்டு பேரும் தொடப்படாது. நான் மடிக்கிறன். அந்த டாக்குத்தர் என்னைத்தான் மடிக்கச் சொன்னவர்."

மாமி முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டார். உம்மா மணலில் குந்தி இருந்தார். தலையில் கை வைத்துக்கொண்டு, "ஓம்," என்றார், யாரிடம் என்று இல்லாமல். "ஓம், அவன் அப்பிடித்தான் காட்டினவன்."

அதற்குப் பிறகு தினமும் போனேன். உம்மா கரையில் ஒரு பக்கம், மாமி ஒரு பக்கம். கரையில் செய்வதற்கும் வேலைகள் கண்டுபிடித்தேன்: ஈரத் துணி பிழிவது, வலது தோளைத் தொடப் பார்ப்பது, முடியின் நுனியைப் பிடித்து அதன் வழியே விரலை மேலே ஏற்றுவது. சில நாள் ஒன்றும் நகராது. ஒருநாள் காலையில் சும்மா நிற்கும்போது விரல் நெஞ்சுக் குழியில் பட்டது. இன்னொரு நாள் கழுத்தெலும்பில். கடைசியில் நாடிவரை வந்தது. வாய் அதற்குச் சற்று மேலேதான். அந்தச் சற்றுத் தூரம் வரவே இல்லை.

அந்த நிலையில்தான் வாப்பா வந்தார்.

பரியாரியார் கூட வந்தார். வாப்பா உம்மாவோடு பேசவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார். மாமி பாய் விரித்தார். எண்ணெய்ச் சட்டி ஏற்கெனவே அடுப்பில் சூடாகிக்கொண்டிருந்தது. வேப்பெண்ணெய் மணம் வீடெல்லாம். என்னைப் பிடித்துக்கொள்ள வாப்பாவின் கூட்டாளி ஒருவரும் வாசலில் நின்றார். என் கால்கள் நனைந்துபோயின. பயத்தில் சிறுநீர் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை.

பரியாரியார் என் முழங்கையை இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தார். "சூடில்லை. எலும்பும் முறியேல்லை," என்றார். "மடி பார்ப்பம் பிள்ளை." மடக்கினேன். நாடியில் நின்றது. நீட்டச் சொன்னார், நீட்டினேன். அவர் புருவம் உயர்ந்தது. "இது திறந்துகொண்டு வருது. ஆர் செய்தது?"

"நான்."

வாப்பாவுக்குப் பொறுமை இல்லை. "பாதிதானே வந்திருக்கு? மிச்சத்தை இண்டைக்கே இழுத்து மடக்கிவிடுங்கோ பரியாரியார். காற்று மாறமுதல் நான் திரும்பிப் போக வேணும். வீட்டிலை ரெண்டு பொம்பிளையளும் அடிபட்டுக்கொண்டிருக்கினம்."

"இழுத்தால் வரவும் கூடும், கெடவும் கூடும்..."

"வந்தனீங்கள் செய்துபோட்டுப் போங்கோ."

பரியாரியார் தயங்கினார். கூட்டாளி உள்ளே வந்து என் தோளில் கை வைத்தார். பாயில் படுக்கவைத்தார்கள். எண்ணெய்ச் சட்டி இறங்கியது.

குசினி வாசலில் நின்ற உம்மா வந்து எனக்கும் அவர்களுக்கும் நடுவில் பாயிலேயே இருந்துவிட்டார். அந்நிய ஆண்கள் முன்னால் உம்மா வாய் திறந்து நான் கேட்டதில்லை. அன்று தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே வாப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"தொட விடமாட்டன்."

"எழும்பு."

"நான் ஒருக்கா இழுத்தனான். நான் தான், வேறை ஒருத்தருமில்லை. டக்கெண்டு கேட்ட சத்தம் இன்னும் என்ர காதிலை கிடக்கு. தொழேக்குள்ளையும் கேட்குது. உங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்க வேண்டாம். விடுங்கோ."

வாப்பா மாமியைப் பார்த்தார். உம்மாவுக்கு எதிராக இவ்வளவு சேதி அனுப்பியவர் மாமிதான். மாமி எண்ணெய்ச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினார். "கையை நான் இறுக்கினன், அவள் முறிச்சாள்," என்றார். "ரெண்டு பேருக்கும் தெரியேல்லை. புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. விடு தம்பி." சட்டியைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கோடிப் பக்கம் மணலில் ஊற்றினார்.

பரியாரியார் துண்டை உதறித் தோளில் போட்டார். "தங்கச்சி சொல்லுறது சரி. நான் தொடேல்லை" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைப் பொட்டலத்தை அவிழ்த்தார். ஒரே வெற்றிலைக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு தடவினார். அவரும் பயந்திருக்கிறார்.

இப்போது அந்த வளவு இல்லை. போரில் எல்லாரும் ஊரை விட்டுப் போக வேண்டி வந்த காலத்தில் கூரையும் கதவும் போய்விட்டன. வருடங்கள் கழித்துத் திரும்பியபோது பற்றைக்குள் கிணற்றின் வாய் மட்டும் கிடந்தது. உம்மா, வாப்பா, மாமி மூன்று பேரும் மவுத்தாகிவிட்டார்கள். என் முழங்கை முழுவதும் நீளாது. உற்றுப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்தக் கையால் பிள்ளைகளைத் தூக்கினேன், தலை வாரினேன், தொழுதேன். வயது ஏறியதும் முழங்காலும் தோளும் இறுகத் தொடங்கின. இப்போதும் காலையில் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு, நோ தொடங்குகிற இடம்வரை போய், அங்கே நின்று மூச்சு விட்டு வருகிறேன். கலியாணத்தில் நானும் கதிரையில்தான் இருந்தேன். அடுத்த கலியாணத்துக்குப் பாயில் இருக்கப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். டாக்குத்தரிடம் காட்டிக் கேளுங்கள், கேட்டதை நீங்களே செய்யுங்கள். யாரையும் பிடித்து இழுக்க மட்டும் விடாதீர்கள்.

அன்றைய நாளில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

பரியாரியாரையும் கூட்டாளியையும் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு வாப்பா வந்து பாயில் இருந்தார். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. உம்மா சோறும் பாரை மீன் ஆணமும் கொண்டுவந்து வைத்தார். மாமியையும் கூப்பிட்டார், பல நாளுக்குப் பிறகு கூப்பிட்டார். வாப்பாவுக்கு எதிரே நான். என் தட்டையும் யாரோ வைத்துவிட்டார்கள். ஊட்டிவிட மாமியின் கை நீண்டது, பாதியில் மடங்கிக்கொண்டது.

நான் வலது கையால் சோற்றைப் பிசைந்து ஒரு சின்ன உருண்டை எடுத்தேன். தூக்கினேன். நெஞ்சு, கழுத்து, நாடி. அங்கே நின்றது. மூச்சை விட்டேன். நோ மெல்லத் தளர்ந்தது. இன்னும் கொஞ்சம். ஒருவரும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் கண்டேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்த வாப்பாவின் வாய், அவருக்கே தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வந்தது. மாமியின் வாயும். உம்மாவின் வாயும். குருவிக் குஞ்சுகள் மாதிரி மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டிருக்க, நான் தலையைக் குனியாமல் உருண்டையைக் கீழுதட்டில் வைத்தேன். பாதி உள்ளே போனது. பாதி சட்டையில் விழுந்தது. மென்று விழுங்கும்வரை ஒருவரும் வாயை மூடவில்லை.